மதுவும் வண்டியும் வழக்கும்

(மஞ்சூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்கு அளிக்கப்பெற்ற பொருள் எம் தொழிலுக்குப் புறம்பானது. இலக்கணமும் இலக்கியமும் கற்று, அவற்றைப் பிள்ளைகட்குக் கற்பித்து வாழ்கின்ற யாம், மோட்டார் வண்டிச் சட்டத்தைப்பற்றிப் பேச எழுந்தது கண்டு உங்களிற் சிலர் நகைத்தல் கூடும். எனினும் சங்கத்தின்முன் ஒரு தீர்மானம் வந்துளது. நம்மவருள் எவரேனும் மது அருந்தி வண்டி செலுத்தியதாகப் போலீசாரால் பிடிக்கப்படின், அவர்க்கு விதிக்கப்பெறும் அபராதத்தைச் சங்க நிதியிலிருந்து செலுத்திவிடவேண்டும் என்பது அத்தீர்மானம். அதனை ஆராய்வதற்குமுன் சட்டம் யாது கூறுகின்றது என்பதைப் படித்து எளிய தமிழிற் சொல்லுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். படித்தோம்; ஐயம் நேர்ந்த இடங்களில் உதகையில் தொழில் நடத்தும் வக்கீல் நண்பர் ஒருவரை அடுத்துக் கேட்டுத் தெளிந்தோம். ஆயினும் எம் பேச்சைக் கேட்டதனோடு அமைந்து, வழக்கு வந்தபொழுது வக்கீலை நாடாதிருந்துவிடாதீர்கள். பண்டிதன் சொல்லைப் பத்தியமாகக் கொள்ளலாம், வைத்தியமாகக் கொள்ளலாகாது.

எம்மை இப்பொருளில் இழுத்தது பிறிதொன்றும் உண்டு. எம்மிடம் பத்தாம் வகுப்புவரை பயின்ற மாணவர் ஒருவர், பெயர் வேண்டா. பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்லும் சிறு வண்டிக்கு ஓட்டுநராக இருந்தார். ஒருநாள் மாலை, சாவு வீடொன்றிலிருந்து இருசக்கர வண்டியில் திரும்புகையில் வழியில் நிறுத்தப்பட்டார். ‘கருவியில் ஊதினால்தானே குற்றம், ஊதாதே’ என்று என்றோ எவரோ சொல்லிவைத்தது அவர் நெஞ்சில் இருந்தது. ஊத மறுத்தார். பின்னர் நீதிமன்றத்திற்குச் சென்றார். பெயர் அழைக்கப்பட்டது, குற்றத்தை ஒப்புக்கொள்கின்றாயா என்று வினவப்பட்டது, அருகில் நின்ற ஒருவர், ‘ஆம் என்று சொல், விரைவில் வீடு போகலாம்’ என்றார், ஆம் என்றார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. 10,000 ரூபாய் அபராதத்தை அவர் தாயாரின் காதணி கொடுத்தது. அதனோடு தொல்லை ஒழிந்தது என்று எண்ணியிருந்தவர், சில நாள் கழித்து அத்தாளை எம்மிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். வண்டி செலுத்தும் தகுதியை ஆறு திங்களுக்கு இழந்தார் என்று அதில் எழுதியிருந்தது. யாம் படித்துச் சொன்னபொழுதுதான் அதனை அறிந்தார். வேலை போயிற்று. அப்பொழுது அவர் எம்மைக் கேட்டது இது: ‘ஐயா, நண்பகலில் இரண்டு கிளாசு குடித்தேன், வண்டி எடுத்தது மாலையில். நான் குற்றவாளியா, இல்லையா? அதை ஒருவரும் பார்க்கவில்லையே!’

எம்மால் விடை கூற இயலவில்லை, இன்றும் இயலாது. அன்று அவர் குருதியில் எத்துணை மது இருந்தது என்பதை அளந்தவர் ஒருவருமிலர். அளக்கவொட்டாமல் தடுத்தவரும் அவரே.

இனிச் சட்டத்திற்கு வருவோம். இன்று வழங்குவது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம். அதன் 185ஆம் பிரிவு, வண்டியை ஓட்டுகின்றவன் அல்லது ஓட்ட முயல்கின்றவனது 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேற்பட்டு மது இருப்பது சோதனையாற் புலப்படின் அது குற்றம் என்கின்றது. ‘குடித்தான்’ என்பதன்று குற்றம். ‘நிலை தடுமாறினான்’ என்பதுமன்று. அளவு மிகின், நெறி தவறாது நேரே ஓட்டினும் குற்றமே. அளவு மிகாவிடின், வாய் மணப்பினும் இப்பிரிவின்படி குற்றமன்று. மதுவல்லாத ஏனை மயக்கப் பொருள்களுக்கே, வண்டியை அடக்கிச் செலுத்த இயலாத நிலையை அடைந்தானா என்னும் கேள்வி எழும். முதன்முறைக் குற்றத்திற்கு ஆறு திங்கள்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறைக்கு இரண்டாண்டுவரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். இத்தொகைகள் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உயர்ந்தவை; அதற்குமுன் முறையே 2,000, 3,000 ரூபாயாக இருந்தன. அத்திருத்தமே மூச்சுச் சோதனையோடு ஆய்வுக்கூடச் சோதனை முதலிய பிற சோதனைகளையும் இப்பிரிவிற் சேர்த்தது. சாலையிலேயே பணம் கட்டித் தீர்த்துக்கொள்ளத்தக்க குற்றங்களைச் சட்டத்தின் 200ஆம் பிரிவு வரிசைப்படுத்துகின்றது; அவ்வரிசையில் 185 இல்லை. ஆகவே, ‘இங்கேயே இவ்வளவு கொடுத்துவிடு’ என்று எவரேனும் கூறின், அது சட்டம் கூறும் வழியன்று; கொடுப்பவனும் குற்றத்திற்குள்ளாவான்.

முப்பது மில்லிகிராம் என்பது எத்துணை? இதனைச் சற்று விரிவாகச் சொல்லல் வேண்டும், என்னை? நம் இளைஞர் பலர் இதில் தம்மையே ஏமாற்றிக்கொள்கின்றனர். கடையில் விற்கும் குவார்ட்டர் புட்டி 180 மில்லிலிட்டர். அதில் மதுவின் பங்கு நூற்றுக்கு 42.8. கணக்கிட்டால் ஏறத்தாழ 60 கிராம் கலப்பற்ற மது ஆகும். 60 கிலோ எடையுள்ள ஆடவன் ஒருவன் அதனை முற்றும் குடிப்பின், அவனது 100 மில்லிலிட்டர் குருதியில் 150 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். சட்டத்தின் எல்லைக்கு இஃது ஐந்து மடங்கு. உடல் அதனை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதமே போக்கும். உண்ட உணவுக்கும் உடல்வாகுக்கும் ஏற்ப இக்கணக்கு முன்பின் ஆகலாம். ஆனால் இரவு பத்து மணிக்குக் குடித்தவன் விடியற்காலை ஆறு மணிக்கும் எல்லையின் விளிம்பிலேயே நிற்பான் என்பது தெளிவு. தூங்கி எழுந்துவிட்டோம், முகங்கழுவித் தேநீர் குடித்துவிட்டோம் என்று காலை வண்டியை எடுக்கின்றோமே, தேநீர் தூக்கத்தைப் போக்குமேயன்றி மதுவைப் போக்காது. தேயிலை விளைக்கும் நாமே இதனைச் சொல்ல வேண்டியிருக்கின்றது! குளிருக்காகக் குடிக்கின்றோம் என்பதும் அவ்வாறே. மது தோலின்கண் உள்ள குருதிக் குழல்களை விரியச்செய்து, அகத்தே இருந்த வெம்மையை வெளியே விடுகின்றது. உடல் சூடானதுபோலத் தோன்றும், உண்மையிற் குளிரும்.

நம் ஊர்ச் சாலையை நீங்கள் அறிவீர்கள். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் வழியில் கொண்டையூசி வளைவுகள் 43. மூடுபனி இறங்கினால் முன்செல்லும் வண்டி தெரியாது. வளைவின் அப்பால் யானை நிற்பதும் உண்டு. அவ்விடத்தில் மது செய்யும் கேட்டைச் சட்டநூல் சொல்லித்தான் நாம் அறியவேண்டும் என்பதில்லை.

வழியில் நிறுத்தப்பட்டால் யாது செய்வது? சீருடையணிந்த போலீசு அதிகாரி, ஓட்டுநர் மது அருந்தியிருப்பதாக ஐயுறத் தக்க காரணம் இருப்பின், மூச்சுச் சோதனைக்கு உட்படுமாறு கேட்கலாம் என்று 203ஆம் பிரிவு கூறுகின்றது. பொது இடம் என்பது அப்பிரிவில் வருகின்றது. பொதுமக்கள் செல்லும் உரிமையுள்ள எந்த வழியும் பொது இடமே. ‘இது எஸ்டேட் சாலை, இங்கே சட்டம் செல்லாது’ என்று நம் பக்கத்தில் வழங்கும் பேச்சை நம்பி எவரும் கெடவேண்டா. கருவி மதுவைக் காட்டினால் வாரண்டு இன்றியே கைதுசெய்யலாம். அவ்வாறு கைதானவரை இரண்டு மணி நேரத்திற்குள் பதிவுபெற்ற மருத்துவர் ஒருவரின் சோதனைக்கு உட்படுத்துதல் வேண்டும். தவறின் காவலிலிருந்து விடுவித்தல் வேண்டும் என்பது 202ஆம் பிரிவு. இங்கே ஒரு பெரும் மயக்கம் உலவுகின்றது. ‘இரண்டு மணி கடந்தால் வழக்கே இல்லை’ என்கின்றார்கள். சட்டம் காவலிலிருந்து விடுவிக்கச் சொல்லிற்றேயன்றிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கச் சொல்லவில்லை. காலத்தாழ்வு சோதனையின் வலிமையைக் குறைக்கலாம். அதனை எடுத்துக்காட்டுவது வக்கீலின் வேலை. நாம் செய்யவேண்டுவது, நிறுத்தப்பட்ட நேரம், கருவியில் ஊதிய நேரம், அது காட்டிய எண், மருத்துவரிடம் சென்ற நேரம் ஆகியவற்றை மறவாது குறித்துவைத்தல். கருவியிலிருந்து வரும் தாளின் படியைக் கேட்டுப் பெறுக. பெண்ணொருவரிடம் குருதி எடுப்பின், பெண் மருத்துவரேனும், பெண்ணொருவர் உடனிருக்கவேனும் எடுத்தல் வேண்டும்.

வண்டியைப்பற்றியும் ஒரு சொல். உடன் வந்தவருள் மது அருந்தாதவரும் உரிமம் உடையவருமாக ஒருவர் இருப்பின், அல்லது அத்தகைய உறவினர் ஒருவரை வரவழைக்க இயலுமாயின், அவரிடம் வண்டியை ஒப்படைக்குமாறு பணிவுடன் கேட்கலாம். 2021ஆம் ஆண்டில் தெலங்கானா உயர்நீதிமன்றம் அவ்வாறே கூறியுளது. அத்தீர்ப்பு நம் மாநிலத்தைக் கட்டாது, எடுத்துக்காட்ட உதவும்.

சோதனைக்கு மறுத்தல் நன்றா? எம் மாணவர் செய்த பிழை இதுவே. 205ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: தக்க காரணமின்றிச் சோதனைக்கு உடன்படாதவனது மறுப்பையே, வழக்குத் தொடுத்தவர் பக்கத்திற்கு ஆதரவான சான்றாக நீதிமன்றம் கருதலாம். அன்றியும், மறுத்தவனைக் கைதுசெய்யவும், நிலையத்தில் அவனிடம் குருதி கேட்கவும் சட்டம் இடந்தருகின்றது. ‘தனக்கெதிராகத் தானே சான்று பகரக் கட்டாயப்படுத்தலாகாது என்று அரசியலமைப்பின் 20ஆம் உறுப்பு கூறவில்லையா?’ என்று கற்ற இளைஞர் ஒருவர் சென்ற கூட்டத்தில் வினவினார். நல்ல வினா. அவ்வுறுப்பு காப்பது அச்சுறுத்திப் பெறும் வாக்குமூலத்திலிருந்து. கைவிரற் பதிவும் கையெழுத்து மாதிரியும் கொடுப்பது சான்று பகர்தல் ஆகாது என்று 1961ஆம் ஆண்டில் காதி காலு ஓகத் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து ஆராய்ந்தபொழுது தீர்ப்பாயிற்று. மூச்சும் குருதியும் அவ்வினத்தனவே. வாயாற் கூறுவது வேறு. எத்துணைக் குடித்தாய், எங்கே குடித்தாய், யாருடன் குடித்தாய் என்னும் வினாக்களுக்கு, வக்கீலைக் கண்ட பின்னரே விடையிறுப்பேன் என்று வணக்கமாகச் சொல்லும் உரிமை எவர்க்கும் உண்டு. ஊதுக; ஆனால் உளறற்க. எம் நண்பர் கூறிய அறிவுரையின் சாரம் இஃதே.

அளவுக்கு மேற்பட்ட எண் கருவியில் தோன்றிவிட்டால் வழக்காட இடமே இல்லையோ எனின், இல்லை என்று சொல்லலாகாது. இவ்விடத்தில் எமக்குச் சிலப்பதிகாரம் நினைவிற்கு வருகின்றது. கோவலன் கையில் சிலம்பு இருந்தது, அது அரசியின் சிலம்பை ஒத்திருந்தது, பொற்கொல்லன் சொன்னான், அரசன் நம்பினான், கோவலன் வெட்டுண்டான். சான்று இருந்தது, ஆனால் அதனைச் சோதித்தார் இலர். கண்ணகி வந்து கேட்ட பின்னரே சிலம்பு உடைபட்டது. அரசியின் சிலம்பிலுள்ள பரல் முத்து. உடைந்த சிலம்பிலிருந்து தெறித்தது மணி. எதிர்வழக்கு என்பது இதுதான். குற்றவாளியைத் தப்பவிடும் சூழ்ச்சியன்று அது. சிலம்பை உடைத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்பது. 1971ஆம் ஆண்டில் பச்சுபாய் ஹசனல்லி கரியானி என்பாரது வழக்கில் உச்சநீதிமன்றம், வாயில் மது நாற்றம், தள்ளாடிய நடை, தெளிவற்ற பேச்சு, விரிந்த கண்மணி ஆகியவற்றை மட்டும் கொண்டு ஒருவன் குடித்திருந்தான் என்று முடிவுகட்டல் இயலாது என்றது. கருவியும் குற்றமற்றதன்று. ஒருவர் ஊதுவதற்குமுன் அது வெறுங்காற்றில் சுழியத்தைக் காட்டவேண்டும். முன்னவர் மூச்சின் எச்சம் அதிலிருப்பின் பின்னவர் தலையில் விழும். இக்காரணம்பற்றி 2025ஆம் ஆண்டில் கேரள உயர்நீதிமன்றம், சுழியம் காட்டாத கருவியின் எண்ணை ஏற்க மறுத்தது. கருவியின் துல்லியம் உரிய காலத்தில் சரிபார்க்கப்பட்டதா, ஊதியவர் பெயரும் நேரமும் தாளில் உண்டா, குருதிக்குப்பி முத்திரையிடப்பட்டதா, அஃது எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது என்பனவெல்லாம் வக்கீல் கேட்கத்தக்க கேள்விகள். இவற்றைக் கேட்பதில் நாணம் வேண்டா.

ஆனால் ஒப்புக்கொண்டவன் இவற்றுள் ஒன்றையும் கேட்க இயலாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் தண்டனை பெற்றவன் மேன்முறையீடு செய்தால், தண்டனையின் அளவையும் அதன் முறைமையையும் பற்றியே பேசலாம். ‘யான் குற்றஞ் செய்யவில்லை’ என்று பேச முடியாது. எம் மாணவரின் ‘ஆம்’ என்ற ஒரு சொல் அத்துணைக் கனமானது. உண்மையாகவே குற்றம் செய்தோம் என்று உள்ளத்தில் தெளிந்தவன், வக்கீலின் அறிவுரை பெற்று ஒப்புக்கொள்வது நேர்மை. அதனை யாம் தடுக்கவில்லை. வரிசை நீளமாக இருக்கின்றது, ஒருநாட் கூலி போகின்றது என்பதற்காக ஒப்புக்கொள்வது வேறு. நாள் வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்பது எவர்க்கும் உள்ள உரிமை. இது ஜாமீனில் விடத்தக்க குற்றம். ஆகவே ஜாமீன் கேட்பது இரத்தலன்று, உரிமை. கைதானவனை 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தவேண்டும் என்பதும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பாரும் கலங்கவேண்டா. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண்கள், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், காவலில் இருப்போர், குறித்த வரம்பிற்குட்பட்ட வருமானம் உடையோர் ஆகியோர்க்கு விலையின்றி வக்கீல் அமர்த்தித் தரப்படும். மாவட்ட ஆணைக்குழு உதகையில் உளது. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

அபராதத்தோடு தீர்ந்தது என்று எண்ணுவது பேதைமை என்றோம். 20ஆம் பிரிவின்படி, 185இன்கீழ்த் தண்டிக்கும் நீதிமன்றம் குறைந்தது ஆறு திங்களுக்கு ஓட்டுநர் உரிமத்திற்குத் தகுதியிழக்கச் செய்தே ஆகவேண்டும். அக்காலத்தில் வண்டி எடுத்துப் பிடிபடின், 182ஆம் பிரிவின்படி மூன்று திங்கள்வரை சிறையோ 10,000 ரூபாயோ இரண்டுமோ மறுபடியும் வரும். தேயிலை வண்டி, ஜீப்பு, பேருந்து செலுத்திப் பிழைப்பவர் நம்முள் எத்துணைப்பேர்! 2022ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் ஆராய்ந்த வழக்கொன்றில், ஆயுதக் காவற்படையினரை ஏற்றிச் சென்ற லாரி ஓட்டுநர் குடித்திருந்தார். வண்டி ஒரு ஜீப்பில் மோதிற்று. பெருஞ்சேதம் ஒன்றும் இல்லை. பெருஞ்சேதம் நேராதது அவரது நல்லூழேயன்றி அவரது குற்றத்தைக் குறைப்பதன்று என்று நீதிபதிகள் எழுதினர். ஓட்டுநர் இறந்துபோனமையாலும், இருபத்தைந்து ஆண்டு பணியாற்றியமையாலும், பணிநீக்கத்தைக் கட்டாய ஓய்வாக மாற்றினர், அவ்வளவே. இன்ஷூரன்சும் கைவிடும். 2007ஆம் ஆண்டு டிசம்பர் 22இல் தில்லியில் மோதிக் கவிழ்ந்து எரிந்த விலையுயர்ந்த கார் ஒன்றிற்கு ஈடு கேட்ட வழக்கில், ஓட்டியவர் குடித்திருந்தார் என்பதுபற்றி ஈடு மறுத்தது சரியே என்று 2021ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் முடிவு செய்தது. அவ்வழக்கில் மூச்சுச் சோதனையோ குருதிச் சோதனையோ இருக்கவில்லை என்பதையும், ஏனைச் சூழ்நிலைகளைக் கொண்டே முடிவு செய்தனர் என்பதையும் கவனியுங்கள். ‘அளந்தார் இலர், ஆதலின் குற்றம் இல்லை’ என்னும் வாதம் எல்லா இடத்திலும் செல்லாது. கடன் வாங்கி வண்டி வாங்கியவர் இதனை இருமுறை சிந்திக்கவேண்டும்.

உயிர் போனால் வழக்கே வேறாகும். சிலப்பதிகாரத்தில் பாண்டியன்முன் நின்ற கண்ணகி, தன் ஊர் புகார் என்று கூறும்பொழுது, கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலிலிட்ட சோழனையும் நினைவூட்டுகின்றாள். பெரியபுராணமும் அவ்வரலாற்றை விரித்துரைக்கும். திருவாரூர்த் தெருவில் இளவரசன் தேர் ஓட்டினான்; கன்று குறுக்கே வந்து சக்கரத்தில் அகப்பட்டது; அறியாமல் நிகழ்ந்தது என்றும், கழுவாய் உண்டு என்றும் அமைச்சர் கூறினர்; பசுவின் துயரைக் கண்ட அரசன் கேட்கவில்லை. ஒரே அவையில் ஒரே பெண் இரண்டையும் சொன்னாள் என்பதை யாம் பலகால் வகுப்பிற் படிப்பித்தும், இச்சட்டத்தைப் படித்தபொழுதுதான் அதன் நுட்பம் எமக்கு விளங்கிற்று. குற்றஞ்சாட்டப்பட்டவனை ஆராயாது தண்டியாதே என்பதும், தேர்க்காலிற் பட்டவன் சிறியவன் என்பதற்காக விட்டுவிடாதே என்பதும் அவள் வழக்கில் உள.

2006ஆம் ஆண்டு நவம்பர் 12இல் மும்பை பாந்திராவில் கார்ட்டர் சாலை நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த கூலித்தொழிலாளர்மேல் ஒரு கார் ஏறிற்று. எழுவர் இறந்தனர், எண்மர் காயமுற்றனர். அலிஸ்டர் அந்தோணி பெரெய்ராவின் குருதியில் மது இருந்தது. முதல் நீதிமன்றம் அதனைக் கவனக்குறைவு என்று கொண்டு ஆறு திங்கள் சிறை விதித்தது. உயர்நீதிமன்றமோ, கொலைக் குற்றம் ஆகாத உயிர்க்கொலை என்று கொண்டு மூன்றாண்டு விதித்தது. 2012ஆம் ஆண்டு ஜனவரி 12இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. குடித்துக் கண்மூடி ஓட்டுபவன், உயிர் போகலாம் என்பதை அறிந்தே ஓட்டுகின்றான் என்பது அத்தீர்ப்பின் கருத்து. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவ்விரு வழிகளும் உள: 106ஆம் பிரிவு கவனக்குறைவால் உயிர் போக்கியதற்கு ஐந்தாண்டுவரை சிறை கூறும், 105ஆம் பிரிவு அதனினும் கடியது. இத்தகைய வழக்கில் வக்கீலின்றி ஒரு நாழிகையும் இருத்தலாகாது.

மதுக்கடைகளைப்பற்றிப் பேசாது தனியாரை மட்டும் கடிவது முறையோ என்று சிலர் கேட்பர். கேட்கத்தக்கதே. 2003ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் மது விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனமே. தமிழ்நாட்டு வக்கீல் கே. பாலு அவர்கள் தொடுத்த வழக்கில்தான், 2016ஆம் ஆண்டு டிசம்பர் 15இல் உச்சநீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று நாடெங்கும் ஆணையிட்டது. பின்னர் இருபதாயிரம் மக்களுக்கு உட்பட்ட ஊர்களுக்கு அதனை 220 மீட்டராகக் குறைத்தது. நம் நீலகிரியில் 2022ஆம் ஆண்டு முதல் வெறும்புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தருகின்றார்கள். புட்டிகள் ஒழுங்காகத் திரும்பிவருகின்றன. குடித்தவர் வீடு திரும்புவதற்கு அத்தகைய ஏற்பாடு ஒன்றும் இல்லை.

இனி, சொல்லக் கசப்பான ஒன்றைச் சொல்லவேண்டும். நம் சங்கம் நம்மவரைக் காப்பதற்கு ஏற்பட்டது. ஆனால் காத்தல் என்பதற்கு நம்முட் சிலர் கொள்ளும் பொருள் வேறு. ‘வண்டி ஓட்டியவன் அவனல்லன், நான்தான்’ என்று குடிக்காத ஒருவனை முன்னிறுத்துவது. ‘அவன் மாலைமுழுதும் என் வீட்டில் இருந்தான்’ என்று நாலு உறவினர் சொல்வது. அடிபட்டவன் வேறு குலத்தவனாயின், ஊர்ப் பெரியவர் சென்று சிறுதொகை கொடுத்து வாயடைப்பது. 2024ஆம் ஆண்டு மே 19இல் புனேயில், பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் கார் மோதி இளைஞர் இருவர் இறந்தனர். குடும்ப ஓட்டுநரைப் பழியேற்கச் சொன்னதாகவும், மருத்துவமனையில் குருதியையே மாற்றியதாகவும் குற்றஞ்சாட்டப்பட்டு, உறவினரும் மருத்துவரும் கைதாயினர். ஒருவனைக் காக்கப் புகுந்து ஒரு குடும்பமே வழக்கில் நின்றது. நீதிமன்ற நடவடிக்கையிற் பொய்ச்சான்று கூறுவதற்கும் புனைவதற்கும் நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவு ஏழாண்டுவரை சிறை கூறுகின்றது. குடித்து ஓட்டிய முதற்குற்றத்திற்கு ஆறு திங்கள். அதனை மறைக்கப் பொய் சொன்ன சிற்றப்பனுக்கு ஏழாண்டு! அடிபட்டவனை மருத்துவமனைக்குச் சேர்ப்பதும், 24 மணி நேரத்திற்குள் போலீசாருக்கு அறிவிப்பதும் ஓட்டுநரின் கடமை என்று 134ஆம் பிரிவு கூறுகின்றது. அடிபட்டவன் எக்குலத்தவன் என்று அப்பிரிவு கேட்கவில்லை.

188ஆம் பிரிவையும் கேளுங்கள். குடித்து ஓட்டுவதற்கு உடந்தையாய் இருப்பவனுக்கும் ஓட்டியவனுக்குரிய தண்டனையே. இதனைப் படித்தபொழுது எமக்கு உடல் கூசிற்று. சில ஆண்டுகட்குமுன் ஒரு மணவீட்டிலிருந்து இரவில் திரும்பினோம். வண்டி செலுத்தியவர் எம் தாய்மாமன் முறையினர். அவர் வாயிலிருந்து வந்த நாற்றம் எமக்கும் தெரிந்தது, எம் மனைவியார்க்கும் தெரிந்தது. ‘மாமா, நீங்கள் ஓட்டவேண்டா’ என்னும் சொற்கள் எம் நாவில் எழவில்லை. பெரியவரை அவமதித்ததாகும் என்று நாணினோம். பின்னிருக்கையில் எம் மக்கள் இருவரும் உறங்கிக்கொண்டிருந்தனர். அன்று ஒன்றும் நேரவில்லை. ஆண்டுதோறும் வகுப்பிலே கள்ளுண்ணாமை அதிகாரத்தை நடத்தும் யாம், அவ்விரவில் ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கொண்டு வந்தோம், வாய் திறந்தோமில்லை.

இனித் தீர்மானத்தைப்பற்றி எம் கருத்து. அபராதத்தைச் சங்கம் கட்டுதல் கூடாது. பத்தாயிரம் ரூபாய் நம் நிதிக்குப் பெரிதென்பதனால் அன்று. அபராதம் என்பது ஓட்டியவன் உணரவேண்டியது. அதனை அறுபது குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் ஒருவரும் உணரார். அதற்கு மாறாக, நம்மவருள் எவர்மீதேனும் இவ்வழக்கு வரின், முதல் விசாரணைக்கு ஒரு வக்கீலின் கட்டணத்தைச் சங்கம் ஏற்கட்டும், குற்றப்பத்திரிகையையும் தீர்ப்பையும் தமிழிற் படித்துப் பொருள் கூறும் பொறுப்பை யாம் ஏற்கின்றோம், கட்டணம் கேட்கமாட்டோம். உதவி பெறுபவர் இரண்டு நிபந்தனைகட்கு உட்படல்வேண்டும்: பொய்ச்சான்று தேடலாகாது; அடிபட்டவர் ஒருவர் இருப்பின் அவர் மருத்துவச் செலவில் சங்கம் முதலில் பங்குகொள்ளும், அதன் பின்னரே வக்கீல். இதனை ஏற்கமுடியாது என்பவர் தம் கைப்பொருளைக் கொண்டு வழக்காடட்டும்.

எம் மாணவர் இன்று இக்கூட்டத்திற்கு வந்திருக்கின்றார். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கின்றார். ஆறு திங்கள் முடிந்து உரிமம் மீண்டு வந்தது. வேலை இன்னும் வரவில்லை. மணவீட்டிலும் சாவு வீட்டிலும் இரவில் பிறரை வீடு சேர்க்கக் குடியாத ஓட்டுநர் ஒருவர் வேண்டுமாயின் யான் வருகின்றேன், டீசலுக்கு மட்டும் கொடுங்கள் என்று எம்மிடம் கூறினார். அவர் தொலைபேசி எண்ணையும் 15100 என்னும் எண்ணையும் சங்க வாயிலிற் பலகையில் எழுதிவைக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றோம். தீர்மானத்தின் திருத்தத்தை எழுத்தில் கொண்டுவந்துளோம். தலைவர் அவர்கள் அதனை வாசிக்க இசைவு தருவார்களாக.